கல்யாண ரவிக்கைக்குக் கை எவ்வளவு?



தை பிறந்தால் நம் தெருக்களில் மட்டும் மூன்று கல்யாணம். மண்டபம், சமையல் ஆள், பத்திரிகை எல்லாம் ஒருவாறு முடிந்துவிடுகிறது. முடியாமல் இழுத்துக்கொண்டே போவது ஒன்று உண்டு. பெண்ணின் முகூர்த்த ரவிக்கைக்குக் கை எப்படி வைப்பது என்கிற விஷயம்தான் அது. முழங்கை வரையா, மணிக்கட்டு வரையா, பஃப் கையா, கையே இல்லாமலா? பெண் ஒன்று சொல்கிறாள், அத்தை ஒன்று சொல்கிறார், சம்பந்தியம்மா வேறொன்று சொல்கிறார். கடைசியில் யாராவது ஒரு பெரியவர், "நம்ம வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல" என்கிறார். அத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. சில வீடுகளில் போக்குவரத்தே நின்றுபோனதும் உங்களுக்குத் தெரியும்.

அந்த வழக்கத்துக்கு வயது என்ன என்று கொஞ்சம் பார்ப்போமே. வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜர் புரட்டியவன் நான். ஒரு கணக்கு எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று பார்க்காமல் அதைப் பற்றிப் பேசினால் எனக்கு மனம் ஒப்பாது.

முதலில் பழைய தமிழ் நூல்களை எடுத்துக்கொள்வோம். பெண்கள் அணிந்ததாகக் கச்சு, வார் என்றெல்லாம் வருகிறது. இவை கட்டுவது, தைப்பதல்ல. ஆகவே கை என்ற பேச்சே இல்லை. உடம்பு முழுவதும் மூடும் தைத்த சட்டைக்கு 'மெய்ப்பை' என்றொரு நல்ல பெயர் முல்லைப்பாட்டில் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டிருப்பவர்கள் பாசறையில் காவல் நிற்கும் யவனர்கள். சிலப்பதிகாரத்தில் வரும் கஞ்சுகம் அரண்மனை ஏவலர்களின் சட்டை. கைவைத்த தையல் சட்டை நம் முன்னோருக்குத் தெரியாத பொருள் இல்லை. வெளியாளும் வேலையாளும் போடும் உடுப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சோழர் காலத்து உமையம்மை செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். தோள்வளை வெறும் தோளில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சதிக்கற்களில் ஒரு பெண்ணின் கை மடங்கி மேலே உயர்ந்திருக்கும். அதில் வரிசையாக வளையல் செதுக்கியிருப்பார்கள். வளையல்தான் அங்கே சுமங்கலியின் அடையாளம்.

நாயக்கர் காலத்துச் சுவரோவியங்களுக்கு வந்தால் அரைக்கை சோளி போட்ட அரண்மனைப் பெண்களையும் ஆடல் மகளிரையும் பார்க்கலாம். அது அரண்மனையோடு இருந்தது. ஆசாரம் மிகுந்த வீடுகளில் தைத்த துணி மடிக்கு ஆகாது என்றே வைத்திருந்தார்கள். கூறைப்புடவை இன்றைக்கும் தைக்காத ஒரே நீளத் துணிதான். சடங்குக்கு வேண்டியது அது மட்டும்தான். ரவிக்கை அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

எப்படி வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடம், அன்றைய திருவிதாங்கூரின் தென்பகுதி. இன்றைய நம் கன்னியாகுமரி மாவட்டம். (1956 நவம்பர் 1-இல்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது.) அங்கே நாடார் பெண்களும் அவர்களைப் போலத் தாழ்த்தி வைக்கப்பட்ட மற்ற சமூகப் பெண்களும் மேலாடை அணியக் கூடாது. மேல்சாதியினர் முன்னால் தோளைத் திறந்து நிற்பதுதான் மரியாதை என்று விதி. தோள்சீலை என்பது உயர்சாதிப் பெண்களுக்கு உரிய சின்னம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடார்களில் பலர் கிறிஸ்தவர்களானார்கள். 1813-இல், அப்போது திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ, மதம் மாறிய பெண்கள் மேலே மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். (நம் பாராமகாலில் 1792 முதல் 1799 வரை வேலை பார்த்துவிட்டுப் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ வேறு ஆள். இரண்டு பேரையும் ஒருவராக்கி எழுதியதை நான் அச்சிலேயே பார்த்திருக்கிறேன்.)

உத்தரவுக்கு மேல்சாதியினரிடமிருந்து உடனே எதிர்ப்பு கிளம்பியது. அரசு பின்வாங்கி ஒரு சமரசம் கண்டுபிடித்தது. தோள்சீலை வேண்டாம், சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிளாமார்களும் போடுகிற 'குப்பாயம்' போட்டுக்கொள்ளலாம் என்றது. குப்பாயம் என்றால் சட்டை. நம் எல்லையைத் தாண்டினால் கன்னடத்தில் குப்பசா என்கிறார்களே, அதே சொல்தான். நாகர்கோவில் பக்கம் ஊழியம் செய்த சார்லஸ் மீடு என்ற பாதிரியாரின் மனைவி, குட்டைக் கை வைத்த தளர்வான ஒரு சட்டையை இந்தப் பெண்களுக்கென்று வடிவமைத்தார். கை குட்டை, இடுப்பு தளர்வு, அலங்காரம் ஒன்றும் கிடையாது. தென்கோடித் தமிழ்ப் பெண்கள் கூட்டமாகப் போட ஆரம்பித்த தையல் மேலாடைகளில் அது முந்தியது.

பெண்கள் அந்தச் சட்டையோடு நிற்கவில்லை. அதன் மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். 1822-இல் கல்குளம், இரணியல் பக்கங்களில் அவர்களுடைய துணியைப் பொது இடத்தில் கிழித்தார்கள். சில வருடத்தில் மறுபடி கலவரம். பள்ளிகளையும் ஜெபக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1829 பிப்ரவரி 3-இல் ராணி பார்வதி பாய் ஆட்சியில் ஒரு பிரகடனம் வந்தது: தோள்சீலை கூடாது. ஒரு தலைமுறை கழித்து 1858-இல் அடிதடி திரும்பவும் பெரிதாக வெடித்தது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மகாராஜா கடைசி ஆணையை வெளியிட்டார்.

அந்த ஆணையைக் கவனமாகப் படிக்க வேண்டும். கிறிஸ்தவப் பெண்களைப் போல மற்ற நாடார் பெண்களும் சட்டை போட்டுக்கொள்ளலாம். முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலச் சுற்றிக்கொள்ளலாம். எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசி வரிதான் ஆணையின் உயிர்நாடி. அனுமதி கொடுக்கிற கையாலேயே, யாரைப் போல இருக்கக் கூடாது என்று கோடும் கிழித்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் இந்தப் போராட்டம் பற்றி வருகிற வரிக் கதைகளை நான் இங்கே சேர்க்கவில்லை. ஆணைகளில் இருப்பதே போதுமானதாக இருக்கிறது.

ஏதோ மலையாள ராஜ்யத்துச் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் பழைய சென்னை மாகாணத்து ராமநாதபுரத்தில், 1930 டிசம்பரில், ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுக் கட்டளைகள் விதித்தார்கள். அதில் ஒன்று, அவர்கள் வீட்டுப் பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது என்பது. மறு வருடம் கட்டளைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதை எழுதி வைத்திருக்கிறார். மீறியவர்களின் குடிசை எரிந்தது. நம் தாத்தா பாட்டி காலம் அது. சில சமூகங்களில் தாலி இறங்கியதும் ரவிக்கையும் இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்ததை உங்களில் வயதானவர்கள் நேரிலேயே கண்டிருப்பீர்கள்.

இன்னொரு வழியாகவும் ரவிக்கை வந்தது. இது படித்த, வசதியான வீடுகளின் வழி. வங்காளத்துத் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி. அவர் கணவர் சத்யேந்திரநாத் ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். கணவருக்குப் பம்பாய் மாகாணத்தில் வேலை. வீட்டை விட்டு வெளியே நாலு பேர் முன்னால் போக வேண்டிய நிலை. பார்சிப் பெண்கள் சேலை கட்டுகிற விதத்தைப் பார்த்து, உள்பாவாடை, ரவிக்கையோடு சேலை கட்டும் முறையை ஊருக்குக் கொண்டுபோனார். ரவிக்கையின் அச்சு விக்டோரியா காலத்து ஆங்கில உடுப்பு. விக்டோரியா மகாராணி 1840-இல் வெள்ளைச் சாட்டின் உடுப்பில், லேஸ் வைத்த குட்டைக் கையோடு கல்யாணம் செய்துகொண்டார். 1890-களில் அங்கே தோளருகில் பலூன் மாதிரி உப்பி முழங்கைக்குக் கீழே இறுகும் கை பிரபலமாயிற்று. அதே காலத்து நம் ஊர்ப் பெரிய வீட்டு போட்டோக்களில் அதே பலூன் கை, அதே லேஸ், மேலே பட்டுச் சேலை. இன்று 'நம் பாரம்பரிய பஃப் கை' என்று கடைக்காரர் சொல்வது லண்டன் சரக்கு. அதனால் குறையொன்றும் இல்லை. முகவரி தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். 'ஜாக்கெட்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். அவர்களுக்கு அது மேல் கோட்டு, நமக்கு ரவிக்கை.

படித்தவர்களிடமிருந்து பாமர வீட்டுக்கு ரவிக்கையைக் கொண்டுவந்து சேர்த்ததில் ரவிவர்மாவுக்குப் பங்குண்டு. 1894-இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் சேலையும் ரவிக்கையுமாக நம் பூஜை அறைக்கு வந்தார்கள். கோயில் கருவறையில் தைத்த துணி இல்லாமல் இருந்த தெய்வம் காலண்டரில் ரவிக்கை போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் எந்த மாமியார் மறுக்க முடியும்?

தைக்க மிஷின் வேண்டுமே. ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை வாங்கிய மிஷின் 1870-களிலேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. 1930-களில் கல்கத்தா ஜெய் என்ஜினியரிங் கம்பெனியின் உஷா மிஷின் வந்ததும் விலை எட்டியது. கிராமத்தில் மிஷின் பரவியதில் வங்கிக்காரர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆசை. 1980 அக்டோபர் 2 முதல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க வந்தது. கறவை மாட்டுக்கு அடுத்தபடி தையல் மிஷினுக்குத்தான் எங்கள் கிளையில் அதிக விண்ணப்பம். அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவச மிஷின் கொடுத்தது. இன்றைக்கு நம் பகுதிப் பெண்கள் ஓசூர்ப் பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு பஸ்ஸில் போய் வெளிநாட்டுச் சட்டைக்குக் கை இணைத்துவிட்டு வருகிறார்கள். யாருடைய கை எந்த நீளம் என்பது அவர்களுக்குத் தெரியும் அளவுக்கு நமக்குத் தெரியாது.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். என் பாட்டி கடைசி வரை ரவிக்கை போட்டதில்லை. சேலைத் தலைப்பை இறுக்கிச் சுற்றியிருப்பார். கேட்டால், "எனக்கு அது கட்டிப்போட்ட மாதிரி இருக்குது" என்பார். என் அம்மாவின் கல்யாண போட்டோ 1950-களில் எடுத்தது. அதில் சின்ன பஃப் கை. தைத்தவர் ஊத்தங்கரையிலிருந்து வந்த ஆண் தையல்காரர். அளவெடுக்கவில்லை, ஒரு பழைய சட்டையை அளவாகக் கொடுத்து அனுப்பினார்களாம். என் மனைவி 1980-களின் கடைசியில் பஃப் கையோடுதான் மணமேடையில் உட்கார்ந்தார். அதற்குச் சில வருடம் முன்பு, 1981 ஜூலை 29-இல், லண்டனில் டயானாவின் கல்யாணத்தில் உலகமே பார்த்த அந்தப் பெரிய உப்பிய கை சினிமா வழியாக நம் தையல் கடைச் சுவர்ப் படங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. என் மகளுக்கு முழங்கை வரை, முழுக்க ஆரி வேலை. பாட்டியிலிருந்து மகள் வரை நான்கு பேருக்கும் ஒரே குலதெய்வம், ஒரே ஊர். ரவிக்கையில் மட்டும் ஒருவருக்கொருவர் பொருத்தமில்லை.

ஆகவே 'வழக்கம்' என்று பேசுகிறவர் எந்த வருடத்து வழக்கத்தைச் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்கலாம். பெரும்பாலும் அது அவருடைய சொந்தக் கல்யாணத்து வருடமாக இருக்கும்.

வழக்கம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது வேறொன்று இருக்கிறது: ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஒரு துண்டுத் துணி. நம் பக்கம் மூன்று பாஷைக்காரர்களும் இதைச் செய்கிறோம். கன்னடத்தில் அந்தத் துண்டுக்கு 'கண' என்று பெயர். இதில் ஒரு நயம் உண்டு. கொடுப்பது தைக்காத துணி. கை வைப்பதும் வைக்காததும் வாங்கிக்கொண்டவர் இஷ்டம்.

இனி, முடிவெடுக்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் கணக்குகள்.

பட்டுச் சேலையோடு ஓடி வரும் ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 செ.மீ.; அதாவது 31 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அகலம் 48 அங்குலம் போல இருக்கும். கரையை இரண்டு கைக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டுமானால், இரண்டு கையையும் ஒரே கரைப்பக்கத்தில் அடுத்தடுத்து வெட்ட வேண்டும். ஆளுக்குப் பதினைந்தரை அங்குலம். சாதாரணக் கைக்கு இது தாராளம். முழங்கை நீளத்துக்கும் பிரச்சினை இல்லை. பஃப் கைதான் இடிக்கும். சுருக்கம் வைக்கக் குறைந்தது ஒன்றரை மடங்கு துணி வேண்டும். கரையோடு சேர்த்துச் சுருக்கினால் துணி பத்தாது. கரையைத் தனியாக வெட்டி அடியில் பட்டியாக வைத்துத் தைப்பது ஒன்றே வழி. சேலை எடுக்கும்போதே, துண்டை வெட்டுவதற்கு முன்பே, இதைத் தையல்காரரிடம் கேட்டுவிடுங்கள். சேலையை எடுத்துவிட்டு, ரவிக்கைக்குப் பர்கூர்க் கடைகளில் தனியாகத் துணி தேடுகிறவர்கள் கரை வண்ணத்துக்குப் பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் எல்லாமே அரக்காகத் தெரியும்.

அடுத்தது வங்கி. நகைக்கடன் கவுண்ட்டரில் எத்தனையோ வங்கிகளை எடை போட்டிருக்கிறேன்; நெளிவங்கி மேல்கையில் ஒட்டி உட்கார்ந்தால்தான் அழகு. அது வெறும் தோளுக்கென்று பிறந்த நகை. கை முழங்கை வரை வந்தால் வங்கி பட்டின் மேல் வழுக்கும். ஆரி வேலை செய்த கையாக இருந்தால் ஜரிகையில் மாட்டி இழுக்கும். வங்கி போடுவதாக இருந்தால் கை அதற்கு மேலே முடியட்டும், அல்லது வங்கி விழும் இடத்தில் வேலை இல்லாமல் விடச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் வங்கியையே கையோடு எடுத்துப் போய் அளவு பார்ப்பது இன்னும் நல்லது.

ஆரி வேலை தைப்பதற்கு முன்பே, துணியைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிச் செய்வது. அதனால் கை நீளம் முதலிலேயே முடிவாகிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு 'ரெண்டு அங்குலம் குறைச்சுடுங்க' என்றால் நடுவில் இருக்கும் மயில் தலை போய்விடும். மாலை மாற்றும்போது இரண்டு கையும் தலைக்கு மேல் போகும். கைக்குழி இறுக்கமாக இருந்தால் தையல் விடும். ஓமப்புகை முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வைகாசி முகூர்த்தத்துக்கு மணிக்கட்டு வரை கை கேட்கிற பெண்ணிடம் இதை ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அதற்கும் சரி என்றால் விட்டுவிடுங்கள். போட்டுக்கொண்டு உட்காரப் போவது அவள்.

கையே இல்லாமல் வேண்டும் என்கிற பெண்களைப் பற்றியும் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். என் பாட்டியிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 1975-க்கு முந்தைய கல்யாண போட்டோ எது இருந்தாலும், எந்தப் பாஷைக்காரர் வீடாக இருந்தாலும், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டாம். அப்படியே படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன். பின்பக்கத்தில் வருடம், ஊர் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தைத்தவர் பெயர் யாருக்காவது நினைவிருந்தால் ரொம்பச் சந்தோஷம்.